வறுமை வரைபடமும் தரவுமூலங்களும்: இலண்டன் முதல் டோகோ வரை

1886இல் இலண்டன் வறுமை ஆய்வைத் தொடங்கிய சார்லஸ் பூத், பள்ளி வாரியப் பார்வையாளர்கள் வீடுவீடாகத் திரட்டிய செய்திகளைத் தரவுமூலமாக்கினார். தெருக்கள் கருமை முதல் மஞ்சள்வரை ஏழு வண்ணங்களில் வகைப்படுத்தப்பட்டன. நகர மக்களுள் 30.7 விழுக்காட்டினர் வறியோர் எனக் கணிக்கப்பட்டது. எனினும், அப்பார்வையாளர்கள் அறிந்திருந்தது பள்ளி வயதுக் குழந்தைகளுள்ள குடும்பங்களையே. ஏனையோரின் நிலை அவர்களைக் கொண்டு உய்த்துணரப்பட்டது.

2020இல், கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில், டோகோ நாட்டின் நோவிஸ்ஸி நிதியுதவித் திட்டம் செயற்கைக்கோள் படங்களால் வறிய பகுதிகளையும் கைப்பேசிப் பயன்பாட்டுப் பதிவுகளால் வறியோரையும் இனங்கண்டது. களக் கணக்கெடுப்பு அரிதான சூழலில் இம்முறை விரைந்து பயன்பட்டது; ஆயின் கைப்பேசி இணைப்பற்றோர் அதன் எல்லைக்கு வெளியே நின்றனர்.

ஆகவே, பசித்தோருள் எவரைத் தரவுமூலம் பதிவுசெய்யவில்லை என்று ஆராய்ந்த பின்னரே வறுமை வரைபடத்தைச் சான்றாகக் கொள்ளுதல் தகும்.