சீனக்குடாவில் விழுந்த விமானியும் ஆறு மணித்தியாலங்களும்

"ஜப்பான்காரன் குண்டு போட்ட வருசம் நான் கைப்பிள்ளை" என்று வயதைச் சொல்லும் தலைமுறையொன்று திருகோணமலைப் பக்கம் இருந்தது. அந்த வருசம் 1942. நாள் ஏப்ரல் 9, வியாழக்கிழமை. ஹிஜ்ரி 1361 ரபீஉல் அவ்வல் மாதம். அன்றைய காலையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பங்கு வானத்திலிருந்து பார்த்து எழுதப்பட்டவை. தரையில் நின்று பார்த்தவர்களின் பங்கு என்ன என்பதே இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் இந்து சமுத்திரத்தில் பிரித்தானியக் கடற்படைக்கு எஞ்சிய பெருந்துறைமுகங்களில் திருகோணமலை முக்கியமானது. மார்ச் மாதம் 'இன்டொமிட்டபிள்' என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஹரிகேன் போர் விமானங்கள் இலங்கைக்குப் பறந்து வந்தன. அவற்றோடு வந்த 261ஆம் இலக்கப் படையணி சீனக்குடாத் தளத்தில் இறங்கியது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று, அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களுக்குப் பின் திருகோணமலையின் முறை வந்தது.

சீனக்குடாப் படையணியின் தலைவர் அல்பர்ட் ஜெரால்ட் லூயிஸ். தென்னாபிரிக்காவின் கிம்பர்லியில் பிறந்தவர். 24 வயது நிரம்ப அவருக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. அந்த வயதுக்குள் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1940 மே மாதம் பிரான்ஸ் வானில் ஒரே நாளில் ஐந்து ஜேர்மன் விமானங்களை வீழ்த்தினார். அதே ஆண்டு செப்டெம்பர் 27இல் இங்கிலாந்து வானில் ஆறு விமானங்கள் அவர் கணக்கில் சேர்ந்தன. மறுநாளே அவருடைய விமானம் தீப்பற்றியது. முகமும் கைகளும் கால்களும் வெந்து, இரண்டு வாரம் கண் தெரியாமல் கிடந்தார். குணமானதும் மறுபடி விமானத்தில் ஏறினார்.

சீனக்குடாவில் அந்த அனுபவம் கைகொடுக்கவில்லை. ரேடார் முன்கூட்டியே எச்சரித்ததால் ஹரிகேன்கள் பலவும் மேலெழுந்துவிட்டன. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்களுக்கு எதிராக அவை இருபதுகூட இல்லை. விமானிக்கு உயரம்தான் கைமுதல். வேண்டும்போது அதை வேகமாக மாற்றிச் செலவழிக்கலாம். ஓடுபாதையை விட்டு அப்போதுதான் கிளம்பிய விமானத்திடம் உயரமும் இல்லை, வேகமும் இல்லை. லூயிஸ் அந்த நிலையில்தான் ஒரு சீரோ விமானத்திடம் அகப்பட்டார். ஐரோப்பாவில் ஜேர்மன் விமானங்களோடு வளைந்து வளைந்து சண்டை பிடித்துப் பழகிய ஹரிகேன் விமானிகளுக்கு, தங்களைவிடச் சிறிய வட்டத்தில் திரும்பக்கூடிய சீரோ புதிய எதிரி. காயம்பட்ட லூயிஸ் சுமார் 200 அடியில் பரசூட்டோடு குதித்தார். மூன்று தென்னைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் வரும் உயரம்தான் அது. உயிர் தப்பியது அல்லாஹ்வின் நாட்டம்.

அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் இந்த இடத்தில் சட்டென்று சுருங்கிவிடுகின்றன. அதிர்ச்சியில் அசையாமல் கிடந்தார், ஊர்வாசிகள் கண்டெடுத்தார்கள், ஆறு மணித்தியாலங்களின் பின் தளத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவ்வளவுதான். வீழ்த்திய விமானங்களுக்கு எண்ணிக்கை உண்டு, பதக்கத்துக்குத் திகதி உண்டு. தூக்கி வந்தவர்களுக்கு 'சுதேசிகள்' என்ற ஒரே சொல். அவர்கள் முஸ்லிம்களா, தமிழரா, சிங்களவரா என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. மேலே சண்டை பிடித்த இரு தரப்புமே அவர்களுக்கு அந்நியர். ஆனாலும் விழுந்து கிடந்த மனிதனை அவர்கள் விட்டுவிட்டுப் போகவில்லை.

தரையில் உள்ளவர்களின் பேச்சு எழுதப்படாமல் விடப்பட்டால் அதுவும் திரிந்துபோகும். எண்ணெய்க் குதங்களின் கதை இதற்குச் சாட்சி. பிரித்தானியர் கட்டிய 101 குதங்களில் இன்று 99 எஞ்சியுள்ளன. அன்று ஒரு ஜப்பானிய விமானம் குதமொன்றில் மோதியதாகவும், தீ ஏழு நாள் எரிந்ததாகவும் சொல்வார்கள். "கமிகாசி வந்து இடிச்சது" என்று இப்போது சர்வசாதாரணமாகக் கேட்கிறோம். கமிகாசிப் படை அமைக்கப்பட்டதோ 1944 ஒக்டோபரில், பிலிப்பைன்ஸ் போர்க்களத்தில். 1942இல் அந்தப் பெயரில் ஒரு படை இல்லை. மோதல் ஒரு செய்தி, கமிகாசி என்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்ட சொல்.

எழுத்து ஆவணம் என்பதற்காக அப்படியே நம்பிவிடவும் முடியாது. வான்சண்டையில் தாங்கள் வீழ்த்தியதாகப் பிரித்தானிய விமானிகள் சொன்ன எண்ணிக்கை, ஜப்பானிய ஏடுகள் ஒப்புக்கொள்ளும் இழப்பைவிடப் பல மடங்கு. அவர்கள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஒரே விமானத்தை மூவர் சுட்டால் மூவரும் தம் கணக்கில் எழுதுவார்கள்; புகை கக்கிச் செல்லும் விமானம் பத்திரமாகத் திரும்பியும் விடும்.

இதைச் சரிபார்க்கும் முறை நமக்குப் புதிதல்ல. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஸனதையும் மத்னையும் வேறுவேறாக நிறுத்துப் பார்த்தார்கள். சொன்னவர் யார், யாரிடம் கேட்டார், அந்த இடத்தில் அவர் இருந்திருக்க முடியுமா என்று கேட்டார்கள். அதே ஒழுங்கோடு கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் குடும்பங்களில் இன்னும் பேசப்படும் கதைகளை நாம் பதிய வேண்டும். நேரில் பார்த்ததா, உம்மம்மா சொல்லக் கேட்டதா, பின்னாளில் பத்திரிகையில் படித்ததா என்று பிரித்து எழுத வேண்டும்.

அன்று துறைமுகத்தில் எரிந்த 'சகாயிங்' கப்பலை 2018இல் கடற்படையினர் நீருக்கடியிலிருந்து மிதக்க வைத்தார்கள். இரும்பு 76 வருடம் காத்திருந்தது. மனிதர் நினைவு அப்படிக் காத்திருக்காது. அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்களில் இன்று நம்மோடு இருப்போர் மிகச் சிலரே. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த பெருநாள் வரை பார்த்திருக்காமல், இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். கையில் ஒரு கொப்பி இருக்கட்டும்.