செவிலியர் கல்லூரி மதிப்பெண்ணும் அமெரிக்க உரிமத் தேர்வும்: முன்கணிப்பின் எல்லை

அமெரிக்காவில் செவிலியப் படிப்பை முடித்தவர் பதிவுபெற்ற செவிலியராகப் பணியில் சேர வேண்டுமானால், ‘என்கிளெக்ஸ்’ என்று வழங்கும் உரிமத் தேர்வில் தேற வேண்டும். மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசிய மன்றம் நடத்தும் இத்தேர்வை, அந்நாட்டில் பணிபுரிய விரும்பும் தமிழ்நாட்டுச் செவிலியர்களும் எழுதிவருகின்றனர். கல்லூரியில் நல்ல மதிப்பெண் வாங்கியவர் இதிலும் தேறுவார் என்ற எதிர்பார்ப்பு பெருமளவு சரியானதே. உடலியங்கியல், நோய் உடலியங்கியல், மருத்துவ அறுவைச் செவிலியம் ஆகிய பாடங்களின் மதிப்பெண்ணுக்கும் உரிமத் தேர்வின் முடிவுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. ஆனால் தேறக்கூடியவர் யார் என்பதைக் காட்டும் அளவுக்குத் தவறக்கூடியவர் யார் என்பதை மதிப்பெண் காட்டுவதில்லை என்பதும், ஆகவே அதைக் கொண்டு இறுதியாண்டு மாணவரைத் தடுத்து நிறுத்துவது நியாயமாகாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இரண்டு அளவைகளும் ஒரே பொருளை அளப்பவை அல்ல. கல்லூரி மதிப்பெண் என்பது பருவத் தேர்வு, எழுத்துப் பணி, குழுப் பணி ஆகியவற்றின் கலவை. மருத்துவமனைப் பயிற்சியோ பல கல்லூரிகளில் ‘தேறினார், தேறவில்லை’ என்று மட்டுமே குறிக்கப்படுவதால் சராசரியில் சேர்வதே இல்லை. உரிமத் தேர்வு 1994 முதல் கணினிவழித் தகவமைவுத் தேர்வாக, அதாவது எழுதுபவரின் ஒவ்வொரு விடையையும் கொண்டு அவருடைய திறனைப் புதிதாக மதிப்பிட்டு, அவர் சரியாக விடையளிக்க ஏறத்தாழப் பாதி வாய்ப்புள்ள வினாவையே அடுத்துக் கொடுக்கும் தேர்வாக நடைபெறுகிறது. இதனால் வல்லவரும் மெலிந்தவரும் ஏறக்குறையப் பாதி வினாக்களுக்கே சரியான விடை தருவர். வேறுபாடு வினாக்களின் கடினத்தில்தான் இருக்கும். 2023-இல் வந்த புதிய வடிவத்தில் குறைந்தது 85 வினாக்களும் அதிகமாக 150 வினாக்களும் உண்டு. எழுதுபவர் தேர்ச்சி எல்லைக்கு மேலா கீழா என்பது 95 சதவீத உறுதியோடு தெரிந்ததும் கணினி நின்றுவிடும். கல்லூரியில் 85 சதவீதம் என்ற எண்ணுக்குள்ள பொருள் இங்கே எந்த எண்ணுக்கும் இல்லை.

வினாக்களின் இயல்பும் வேறு. இரத்தத்தில் பொட்டாசியத்தின் இயல்பளவு என்ன என்று கேட்கும் வகுப்புத் தேர்வுக்கு ‘3.5 முதல் 5.0 வரை’ என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். உரிமத் தேர்வின் போக்கில் அதே செய்தி வேறு உருவில் வரும்: இதயச் செயலிழப்புக்கு டிகாக்சினும் சிறுநீர்ப்போக்கு மருந்தும் உட்கொள்ளும் முதியவர் குமட்டலையும் மங்கலான மஞ்சள் பார்வையையும் சொல்கிறார், நாடித்துடிப்பு 52, பொட்டாசியம் 2.9, செவிலியர் முதலில் செய்ய வேண்டியது என்ன? பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் நஞ்சாகும் என்பதை நினைவுகூர்ந்து, அடுத்த வேளை மருந்தை நிறுத்திவைத்து மருத்துவருக்குத் தெரிவிக்கும் முடிவை எடுப்பவரே இங்கே தேறுகிறார். எண்ணை மனப்பாடம் செய்தவர்களும், எண்ணுக்குப் பின்னுள்ள நோயாளியைக் கண்டுகொள்பவர்களும் கல்லூரிப் பட்டியலில் அருகருகே நிற்கக்கூடும்.

தேர்ச்சி எல்லையே நகரக்கூடியது என்பதையும் மறந்துவிடலாகாது. 2013 ஏப்ரலில் அந்த எல்லை உயர்த்தப்பட்டபோது, அமெரிக்காவில் படித்து முதன்முறை எழுதியவர்களின் தேர்ச்சி விகிதம் முந்தைய ஆண்டின் ஏறத்தாழ 90 சதவீதத்திலிருந்து 83 சதவீதத்துக்கு இறங்கியது. ஓராண்டுக்குள் நாடு முழுவதும் மாணவரின் தரம் அந்த அளவு சரிந்திருக்கும் என்று கருத இடமில்லை. பழைய எல்லையைத் தாண்டப் போதுமாயிருந்த அதே மதிப்பெண் புதிய எல்லைக்குப் போதாமற் போயிற்று என்பதே பொருத்தமான விளக்கம்.

புள்ளியியல் நோக்கில் இன்னொரு சிக்கல் ‘வீச்சுக் குறுக்கம்’ எனப்படும். அறிவியல் பாடங்களில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் சேர்க்கையிலேயே விலக்கப்படுகின்றனர். சேர்ந்தவர்களிலும் 75 சதவீதத்தை ஒட்டிய தேர்ச்சி எல்லையைத் தொடாதவர்கள் இடையில் விலகிவிடுகின்றனர். உரிமத் தேர்வு வரை வந்துசேர்பவர்களின் மதிப்பெண்கள் குறுகிய இடைவெளிக்குள் நெருங்கி நிற்பதால், ஒன்று கூட மற்றதும் கூடும் தன்மையாகிய ஒட்டுறவு உள்ளதைவிடக் குறைவாகவே கணக்கில் தெரிகிறது. மதிப்பெண்ணுக்குப் பயனில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் பிழையே.

பெருந்தீங்கு நேர்வது நடைமுறையில்தான். முதன்முறைத் தேர்ச்சி விகிதத்தைக் கொண்டே மாநில வாரியங்கள் கல்லூரிகளை மதிப்பிடுகின்றன. பல மாநிலங்களில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் கல்லூரியின் அங்கீகாரமே கேள்விக்குள்ளாகும். அந்த அச்சத்தால் சில கல்லூரிகள் சராசரியோ முன்கணிப்புத் தேர்வோ குறைந்தவர்களைப் பட்டம் பெற விடாமல் நிறுத்திவைக்கின்றன. கணக்குக்காக நூறு பேர் கொண்ட வகுப்பு ஒன்றில் 90 பேர் தேறுவார்கள், 10 பேர் தவறுவார்கள் என்று கொள்வோம். தவறுவோரில் பத்துக்கு ஏழு பேரைக் கண்டுபிடித்து, தேறுவோரில் பத்துக்கு இருவரை மட்டுமே தவறாகச் சுட்டும் விதி நல்ல விதியாகவே தோன்றும். ஆனால் அவ்விதி நிறுத்திவைக்கும் 25 பேரில் 18 பேர் எழுதியிருந்தால் தேறியிருப்பார்கள். கடன் வாங்கிப் படித்து, கட்டணமெல்லாம் கட்டி முடித்த பின் வாசலில் நிறுத்தப்படும் அந்தப் பதினெட்டுப் பேர் கல்லூரியின் தேர்ச்சி விகிதத்தில் எங்கும் இடம்பெறுவதில்லை. ஒரே தேர்வின் முடிவைக் கொண்டு இத்தகைய பெரிய முடிவை எடுப்பதை எதிர்த்துச் செவிலியத்துக்கான தேசியக் கழகம் 2012-இலேயே நியாயமான தேர்வுமுறைக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது.

இதே மதிப்பெண்ணை முதலிரண்டு பருவங்களிலேயே படித்துப் பார்த்தால் அதன் பயன் வேறாகிறது. நோய் உடலியங்கியலில் தடுமாறும் மாணவரைத் தேடிச் சென்று, அவருடைய விடைத்தாளை எதிரில் வைத்து, விடை ஏன் அவ்வாறு தோன்றியது என்று அவரையே சொல்லக் கேட்கும் ஆசிரியருக்கு, குறைவது பாட அறிவா, வாசிப்பா, வேலைக்குச் சென்றுகொண்டே படிப்பதால் வந்த களைப்பா என்பது தெரிந்துவிடும். மூன்றுக்கும் மருந்து வேறு, மூன்றுக்கும் அப்போது நேரமும் உண்டு.