துலாக்கோலைச் சமன்செய்தல்: அண்டக்கதிர் ஆற்றலும் புவிக்காந்தமும்

அண்டக்கதிர் என்றால் என்ன, விக்டர் ஹெஸ் 1912இல் பலூனில் ஏறிக் கண்டது என்ன என்பவற்றை இம்மலரை வாசிக்கும் ஆசிரியப் பெருமக்கள் நன்கறிவர். ஆதலால் அக்கதிர்த் துகள்களின் ஆற்றலைப் பிழையின்றி அளப்பது என்னும், என் மனத்துக்கு உகந்த பொருளுக்கே நேராக வருகிறேன்.

திருவண்டப் பகுதியில் மணிவாசகப் பெருமான், கோடிகோடியாய் விரிந்த அண்டங்களை வீட்டுக்குள் நுழையும் கதிரொளியில் தெரியும் தூசியாகக் காண்கிறார். அந்தப் பெருவெளியிலிருந்து வரும் ஒற்றைத் துகளின் ஆற்றலை அளக்கத் துணிவதே ஒரு வழிபாடு என்பேன். அளப்பவனுக்கு இலக்கணம் வகுத்தவர் வள்ளுவர். நடுவு நிலைமை அதிகாரத்தில் சான்றோர்க்குத் துலாக்கோலை உவமை சொன்னார். பொருளைத் தாங்குமுன்பே கோல் தன்னளவில் சமனாய் நிற்கவேண்டும் என்பது பரிமேலழகர் காட்டும் நுட்பம்.

விண்ணில் சுற்றும் கருவிக்கு அந்தச் சமன் எளிதில் வாய்ப்பதில்லை. அண்டக்கதிர்த் துகள்களை அளக்க 2015 டிசம்பர் 17 அன்று சீனா ஏவிய டாம்பே செயற்கைக்கோளில் 14 அடுக்குகளாக 308 பிஸ்மத் ஜெர்மனேட் படிகக் கட்டைகள் உள்ளன. துகள் மோதினால் படிகம் ஒளிரும். ஒளியின் அளவே ஆற்றலின் அளவு. ஆனால் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் ஒளி சுமார் ஒரு விழுக்காடு குறையும். ஆகவே படிகங்களை ஊடுருவிச் செல்லும் புரோட்டான்கள் ஒவ்வொரு கட்டையிலும் விட்டுச்செல்லும் ஏறத்தாழ 23 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை அளவுகோலாக வைத்துத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். மின்னூட்டம் மிகுந்த அணுக்கருக்கள் படிகத்தில் அடர்த்தியாக ஆற்றலைக் கொட்டும்போது ஒளி அதற்கு ஈடாக எழுவதில்லை. அதற்கும் ஒரு திருத்தம் உண்டு.

எல்லாவற்றினும் என்னை வியக்கவைப்பது, புவியே படிக்கல்லாக நிற்பதுதான். 1927இல் ஜாவாவிலிருந்து ஹாலந்துக்குக் கப்பலேறிய யாக்கோப் கிளே, நிலநடுக்கோட்டை ஒட்டி அண்டக்கதிர் குறைவதைக் கண்டார். புவிக்காந்தம் குறைந்த ஆற்றலுள்ள துகள்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. எவ்வளவு ஆற்றலுக்குக் கீழ் உள்ளவை திரும்பும் என்னும் எல்லையை, நார்வே நாட்டு ஸ்டோர்மர் வகுத்த கணிதத்தின் வழியே ஒவ்வோர் இடத்துக்கும் கணிக்கலாம். கணிப்பு கருவியைச் சார்ந்ததன்று. எலக்ட்ரான்களின் எண்ணிக்கை எந்த ஆற்றலுக்குக் கீழே சட்டென்று சரிகிறது என்று கருவி காட்டுகிறதோ, அதைக் கணிப்போடு ஒப்பிட்டால் கோலின் சாய்வு தெரிந்துவிடும். ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி இம்முறையைக் கையாண்டது. டாம்பேக்குக் கிடைத்த வேறுபாடு சுமார் 1.25 விழுக்காடு. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் உள்ள ஜப்பானியரின் காலெட் கருவி 3.5 விழுக்காடு திருத்தம் செய்துகொண்டது. ஆற்றல் ஏற ஏற எலக்ட்ரான்களின் எண்ணிக்கை செங்குத்தாகச் சரிவதால், ஆற்றலில் 3.5 விழுக்காடு பிழை எண்ணிக்கையில் ஏழு விழுக்காடாகப் பெருகும். சிறுபிழை என்று ஒதுக்க முடியாது.

தமிழ் மண்ணுக்கும் இதில் பெருமை உண்டு. உதகமண்டலத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 அண்டக்கதிர் ஆய்வு நிலையத்துக்கு நேர்மேலிருந்து வரும் துகளுக்கான எல்லை சுமார் 17 கிகா வோல்ட். 2015 ஜூன் 22 அன்று சூரியப் புயல் புவிக்காந்தத்தைச் சற்றே தளர்த்தியபோது, அண்டக்கதிர் காற்றில் மோதுவதால் பிறக்கும் மியூவான்கள் அங்கே பெருகியது பதிவாயிற்று. புயல் நாளில் படிக்கல்லே அசைகிறது! இளம் மாணவர்களை ஒருமுறையேனும் உதகைக்கு அழைத்துச் சென்று அந்நிலையத்தைப் பற்றி எடுத்துரைக்குமாறு ஆசிரியர்களை இருகரம் கூப்பி வேண்டுகிறேன்.

டெரா எலக்ட்ரான் வோல்ட் அளவில் புவிக்காந்தம் கைகொடுக்காது. துகள்கள் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. புரோட்டான் நிலை இன்னும் கடினம். அதன் ஆற்றலில் பாதிக்கும் குறைவே டாம்பேயின் படிகங்களில் தங்குகிறது, மீதி வெளியேறிவிடுகிறது. தங்கியதைக் கொண்டு முழுமையைக் கணிக்கக் கணினிப் பாவனைகளே துணை. ஜியாண்ட்4, ஃப்ளூக்கா என்னும் இரு பாவனைகளும் ஒரே விடை தருவதில்லை. எலக்ட்ரான் கணக்கிலும் டாம்பேயும் ஃபெர்மியும் ஒருபுறம், விண்வெளி நிலையத்தில் உள்ள ஏஎம்எஸ்-02 கருவியும் காலெட்டும் மறுபுறம் என இன்றும் பிரிந்தே நிற்கின்றன.