சுருட்டையா, கோரையா? கூந்தலை நேராக்கிய கதை

கூந்தலுக்கு மணம் இயற்கையாகவே உண்டா, பூவாலும் எண்ணெயாலும் வருவதா? பாண்டிய மன்னனுக்கு வந்த இந்தச் சந்தேகம் தருமியை வாட்டியது, நக்கீரரைக் கொதிக்க வைத்தது, கடைசியில் இறைவனையே வாதத்துக்கு இழுத்து வந்தது என்கிறது திருவிளையாடற் புராணம். இயற்கையா, செயற்கையா என்ற அந்த வாதம் இன்னும் முடியவில்லை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பல வீடுகளின் வரவேற்பறையில் அது தினமும் நடக்கிறது. இப்போது பேச்சு மணத்தைப் பற்றியல்ல, வடிவத்தைப் பற்றி.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் சேலை எடுத்தாகிவிட்டது, நகைக்கும் சொல்லியாகிவிட்டது. அப்போதுதான் அம்மா ஆரம்பிப்பார். "ஏம்மா, அப்படியே போய் ரீபோண்டிங் பண்ணிட்டு வந்துடேன், போட்டோவுல அழகா இருக்கும்." மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி விடமாட்டார். "சுருட்டை முடி சோறு போடும்னு சொல்லுவாங்க. அதை ஏன்டி காசு கொடுத்து நீட்டி விடுறீங்க?" நடுவில் நிற்பவள் மணப்பெண். பள்ளியில் 'மேகி மீ' என்று கேலி செய்தார்களே, அது இன்னும் அவள் காதில் கேட்டுக் கொண்டிருக்கிறது.

அவள் என்ன முடிவெடுப்பது? அதற்கு முன் இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது நல்லது.

சுருளைக் கொண்டாடிய காலம்

பழந்தமிழர் கூந்தலை 'ஐம்பால்' என்றார்கள். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐந்து வகை ஒப்பனை. அந்த ஐந்தில் சுருளுக்கும் ஓர் இடம் உண்டு. ஆற்று நீர் ஓடி வற்றிய பின் கருமணலில் வரிவரியாகப் படிந்திருக்கும் நெளிவை 'அறல்' என்பார்கள். சங்கப் புலவர்கள் பெண்ணின் கூந்தலுக்கு அந்த அறலைத்தான் உவமை காட்டினார்கள். நெளிவு அவர்களுக்கு அழகாகத் தெரிந்தது.

அவ்வளவு பின்னால் போகவும் வேண்டாம். 1944-ல் வெளிவந்து மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' படத்தின் நாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதர். தோளில் புரளும் அவருடைய நெளிமுடியைப் பார்த்து, 'பாகவதர் கிராப்பு' வைத்துக் கொண்டு திரிந்த இளைஞர்கள் எத்தனை பேர்! அதே சமுதாயத்தில்தான் இன்று சுருட்டை முடி ஒரு குறையாகப் பேசப்படுகிறது.

பிரிக்பீல்ட்ஸுக்கு அந்தப் பெயரைத் தந்தவை செங்கல் சூளைகள். 1881-ல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. அதன் பின் நகரை எழுப்ப, அத்தாப்புக் கூரைகளுக்குப் பதில் செங்கல்லும் ஓடும் தேவைப்பட்டன. பிறகு ரயில்வே குடியிருப்புகள் வந்தன. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்தன. தேங்காய் எண்ணெய், சீயக்காய், சனிக்கிழமைத் தலைமுழுக்கு, வாரிப் பின்னிய சடை, அதில் ஒரு முழம் மல்லிகை. முடி சுருட்டையா, கோரையா என்பது அப்போது பெரிய பேச்சாக இல்லை. சடைக்குள் போனால் எல்லாம் ஒன்றுதான்.

நேரான முடியைச் சுருட்டியவர்கள்

இங்கே சுருளை நீட்டத் துடிக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலோ நேரான முடியைச் சுருட்டத் துடித்தார்கள். கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர் 1906-ல் லண்டனில் நிரந்தரச் சுருள் போடும் முறையை அரங்கேற்றினார். முதலில் அவர் சோதனை செய்தது தம் மனைவியின் தலையில்! தொடக்க முயற்சிகளில் அந்த அம்மாளின் முடி கருகியது, தலைத்தோலும் புண்ணானது.

அதே காலத்தில் அமெரிக்காவில் கதை வேறு. அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் கறுப்பினத்தவர்களின் சுருட்டை முடி ஏளனத்துக்கு உள்ளானது. வேலை வேண்டுமா, மதிப்பு வேண்டுமா, முடி வெள்ளையரைப் போல் இருக்க வேண்டும் என்ற நெருக்கடி. காரெட் மோர்கன் என்ற கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் தையல் ஊசிக்கான திரவம் ஒன்றைச் சோதித்தபோது, துணியின் இழைகள் நேராவதைத் தற்செயலாகக் கவனித்தார் என்பார்கள். 1913 வாக்கில் அது முடி நேராக்கும் களிம்பாகச் சந்தைக்கு வந்தது. பிறகு வந்தவை சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் கடுங்காரம் கலந்த களிம்புகள். கழுவத் தாமதித்தால் தலைத்தோல் வெந்துவிடும். கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் இளமையில் இப்படித் தம் முடியை நேராக்கிக் கொண்டவர். எரிச்சலைத் தாங்கிக் கொண்டு வெள்ளையரைப் போல் தோன்ற முயன்றதற்காகப் பின்னாளில் வெட்கப்பட்டதை, 1965-ல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த நெருக்கடி எவ்வளவு நீண்டது பாருங்கள்! முடியின் இயல்பைக் காட்டி ஒருவரை வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்கக் கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது 2019-ல்தான்.

ஒரே மருந்து, இரண்டு வேலை

இன்று 'ரீபோண்டிங்' என்று சொல்லப்படும் முறை 1990-களில் ஜப்பானில் வளர்ந்தது. 2000-க்குப் பிறகு கோலாலம்பூரின் பேரங்காடிகளில் பரவி, கிள்ளான் கடைவீதி வரை வந்துவிட்டது. அதன் உள்ளே இருக்கும் வேதியியலோ பழையதுதான்.

முடி என்பது கெராட்டின் என்னும் புரதம். அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் ஏணிப் படிகளைப் போல் இணைத்துப் பிடித்திருக்கின்றன. தயோகிளைகோலேட் கலந்த களிம்பு அந்தப் படிகளை உடைக்கிறது. உருளையில் சுற்றினால் முடி சுருளாகும். சூடான இரும்பால் இழுத்தால் நேராகும். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த திரவம் உடைந்தவற்றை அந்த நிலையிலேயே மீண்டும் பூட்டிவிடும். சுருட்டுவதற்கும் நீட்டுவதற்கும் ஒரே வேதியியல்! ஆக, எது அழகு என்று சொல்வது மருந்தல்ல, மனிதர்கள்.

ஆனால் வேருக்கு இந்தச் செய்தி எட்டுவதில்லை. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும் புதுமுடி மறுபடியும் சுருட்டையாகவே வருகிறது. மேலே சுருள், கீழே கோரை என்று இரண்டு கெட்டான் நிலை. அதை மறைக்க மீண்டும் கடை, மீண்டும் சில நூறு வெள்ளி. ஒரு முறை என்று தொடங்குவது ஒரு முறையோடு நிற்பது அரிது.

உடல் கொடுக்கும் விலை

சில 'கெராட்டின்' சிகிச்சைகளில் ஃபார்மால்டிஹைடு வெளிப்படுகிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ல் வகைப்படுத்தியது. 2022 அக்டோபரில் அமெரிக்காவில் 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு வெளிவந்தது. முடி நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு. ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் அது 4.05 விழுக்காடு. இது தொடர்பைக் காட்டும் கணக்கு, காரணத்தை உறுதி செய்யும் தீர்ப்பு அல்ல. என்றாலும் அலட்சியம் செய்யத் தக்கதல்ல.

'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்ற சீட்டைப் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிடவும் முடியாது. அதற்குப் பதிலாக வந்த பொருள்களில் ஒன்று கிளையாக்சிலிக் அமிலம். அது கலந்த களிம்பைப் பயன்படுத்திய 26 வயதுப் பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும், ஆக மூன்று முறை, சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

மலேசியாவில் விற்கப்படும் அழகுசாதனப் பொருள்கள் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த அறிவிப்பு எண்ணை அதன் இணையப் பக்கத்தில் யாரும் சரிபார்க்கலாம். கடையில் நாற்காலியில் உட்காரும் முன் புட்டியைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் எதற்கு? கர்ப்பிணிகள், தலையில் புண் உள்ளவர்கள், அண்மையில் முடியை வெளிறச் செய்தவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் யாருமே செய்து கொள்ளக் கூடாது. முடி உடைந்தால் ஒட்ட வைக்க வழியில்லை!

இன்னொன்றையும் அம்மாக்கள் யோசிக்க வேண்டும். துன் சம்பந்தன் சாலையில் ஆசையாக வாங்கி வரும் மல்லிகைச் சரம் நீட்டி விட்ட முடியில் நிற்காமல் வழுக்கும். பூவைத் தாங்கிப் பிடிக்கும் வேலையைச் சுருட்டை முடி கேட்காமலே செய்து வந்தது.

1892 முதல் பத்துமலையில் தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. ஆண்டுதோறும் எத்தனையோ பேர் அங்கே முடி காணிக்கை செலுத்துகிறார்கள். அது சுருட்டையா, கோரையா என்று முருகன் கேட்டதில்லை. உறவினர்கள்தான் கேட்கிறார்கள்.

முடியை நீட்டிக் கொள்வது பாவமல்ல. தன் ஆசைக்காக, விவரம் அறிந்து, ஒரு பெண் அதைச் செய்தால் அது அவள் உரிமை. ஆனால் 'மேகி மீ' என்ற ஒரு கேலிக்குப் பதில் சொல்வதற்காக அவள் தலையில் களிம்பு பூசப்படுகிறது என்றால், திருத்த வேண்டியது அவள் முடியையா, கேலி செய்தவர்களின் வாயையா? முடிவைச் சொல்ல வேண்டியவள் மணப்பெண். அதற்குள் பாட்டி சொன்னதை அம்மாவும் ஒரு முறை காது கொடுத்துக் கேட்கட்டும்.