ம.இ.கா. தலைமைத்துவப் போட்டிகள்: துணைத் தலைவர் பதவியின் வரலாற்றுப் பங்கு

முன்னுரை

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் முதன்மைச் சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ரஹ்மாட் சாலையில் அமைந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைமையகக் கட்டடத்திற்கு, கிள்ளானின் நாடாளுமன்ற உறுப்பினராக விளங்கிய டான்ஸ்ரீ மாணிக்கவாசகத்தின் பெயர் சூட்டப்பட்டது. இவ்விருவரும் ஒருவர்பின் ஒருவராக அக்கட்சியின் தலைவர்களாக இருந்தவர்கள். 1946இல் தோன்றிய இக்கட்சியில் தலைவர் பதவி கைமாறிய முறையினை இக்கட்டுரையில் ஆராய முனைகிறோம். தலைவர் பதவிக்குரிய உண்மையான போட்டி பெரும்பாலும் துணைத் தலைவர் தேர்தலிலேயே நடந்து முடிந்தது என்பது நம் கருத்தாகும்.

தோட்டப்புற ஆதரவும் தலைமை மாற்றமும்

ஜான் திவி முதல் தேவாசர் வரை, 1946 தொடங்கி 1955 முடியவுள்ள ஒன்பது ஆண்டுகளில் நால்வர் தலைவர்களாயினர். தேவாசர் காலத்தில், 1954இல், ம.இ.கா. கூட்டணியில் இணைந்தது. எனினும் கட்சி உறுப்பினருள் பெரும்பாலோர் தோட்டப்புறத் தமிழர்கள். நகர்ப்புற வழக்கறிஞரான தேவாசருக்கும் அவர்களுக்கும் இடையில் இடைவெளி இருந்தது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவருமான சம்பந்தன் 1955இல் தலைவரானது அந்த அடித்தட்டு ஆதரவின் விளைவேயாகும். அவர் பதினெட்டு ஆண்டுகள் தலைவராக இருந்தார்.

அக்காலத்தின் பிற்பகுதியில் சம்பந்தனுக்கும் துணைத் தலைவர் மாணிக்கவாசகத்திற்கும் இடையே பூசல் முற்றியது. பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் தலையீட்டிற்குப்பின் 1973இல் சம்பந்தன் பதவி விலகினார்; மாணிக்கவாசகம் தலைவரானார். இங்கு முடிவைத் தந்தது பேராளர்களின் வாக்கன்று என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

இருபத்தாறு வாக்குகள்

1977இல் துணைத் தலைவர் பதவிக்குச் ச. சாமிவேலுவும் சி. சுப்பிரமணியமும் போட்டியிட்டனர். தலைவர் மாணிக்கவாசகத்தின் ஆதரவு சுப்பிரமணியத்திற்கு இருந்தது. ஆயினும் 26 வாக்கு வேறுபாட்டில் சாமிவேலு வென்றார். ஈராண்டு கழித்து, 1979 அக்டோபரில், மாணிக்கவாசகம் மறைந்தார். துணைத் தலைவர் என்னும் நிலையில் சாமிவேலு தலைமைப் பொறுப்பை ஏற்று, 2010 வரை, ஏறத்தாழ முப்பத்தோராண்டுகள் அதில் நீடித்தார். தாம் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதாக எண்ணி வாக்களித்த பேராளர்கள் உண்மையில் ஒரு தலைமுறைக்குரிய தலைவரைத் தேர்ந்தெடுத்திருந்தனர்.

பின்னர்த் துணைத் தலைவரான சுப்பிரமணியம், 1989இல் தலைவர் பதவிக்கே நேரடியாகப் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். சம்பந்தன் காலத்திற்குப்பின் நிகழ்ந்த நேரடித் தலைமைப் போட்டிகளுள் இதுவே பெரிது. சுப்பிரமணியம் மீண்டும் துணைத் தலைவரானார். ஆயின் 2006இல் கோ. பழனிவேலிடம் அப்பதவியை இழந்தார். 2009இல் சுப்பிரமணியம், பழனிவேல், சோதிநாதன் ஆகிய மூவரிடையே நடந்த போட்டியிலும் பழனிவேலே வென்றார். அவ்வாண்டிலேயே சாமிவேலுவை எதிர்த்துத் தலைவர் பதவிக்கு முத்துப்பழனியப்பன் அளித்த வேட்புமனு, போதிய செல்லத்தக்க முன்மொழிவுகள் இல்லையென நிராகரிக்கப்பட்டது. 2010 டிசம்பரில் பழனிவேல் தலைவரானார். நெடுங்காலப் போட்டியாளர்களான சாமிவேலு, சுப்பிரமணியம் இருவரும் 2022ஆம் ஆண்டிலேயே மறைந்தனர்.

போட்டி வெளியேறிய வழிகள்

உள்ளே தீர்வு காணாத போட்டி வெளியே வழி தேடிக்கொள்ளும். 1988இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி. பண்டிதன் 1990இல் ஐ.பி.எஃப். கட்சியைத் தோற்றுவித்தார். 2007 நவம்பர் 25இல் இண்ட்ராஃப் இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பல்லாயிரவர் கோலாலம்பூரில் திரண்டனர். அவர்களின் குறைகளை முன்னெடுத்தவர்கள் ம.இ.கா. தலைவர்கள் அல்லர். 2008 மார்ச்சுப் பொதுத்தேர்தலில் சாமிவேலு சுங்கை சிப்புட் தொகுதியை இழந்தார். சம்பந்தனின் ஊரிலேயே ம.இ.கா. தலைவர் தோற்றமை வரலாற்றாய்வாளர் மறக்கவியலாத செய்தியாகும்.

அடுத்த தலைமை மாற்றம் பேராளர் மன்றத்தை விட்டு நீதிமன்றத்திற்குச் சென்றது. 2013 கட்சித் தேர்தலில் முறைகேடுகள் நிகழ்ந்தனவென்ற புகார்களையடுத்து, மறுதேர்தல் நடத்துமாறு சங்கப் பதிவிலாகா 2014 டிசம்பரில் பணித்தது. பழனிவேல் தரப்பினர் உயர்நீதிமன்றத்தை நாடினர். 2015 ஜூனில் வழக்குத் தள்ளுபடியாயிற்று. கட்சி விவகாரத்தை நீதிமன்றத்திற்குக் கொண்டு சென்றதனால், கட்சி அமைப்புவிதி 91இன்படி அவர் உறுப்பியம் இழந்தார் என்பது சங்கப் பதிவிலாகாவின் நிலைப்பாடாயிற்று. துணைத் தலைவர் டாக்டர் ச. சுப்பிரமணியம் பொறுப்பேற்றார். (இவர் முன்னர்க் குறித்த சுப்பிரமணியம் அல்லர்.)

முடிவுரை

1955க்குப்பின் 2018 வரை தலைமைக்கு வந்த ஐவருள் நால்வர் துணைத் தலைவர் பதவியிலிருந்து உயர்ந்தவர்கள். ஒருவருக்கு முன்னவரின் பதவி விலகலும், மற்றொருவருக்கு முன்னவரின் மறைவும், வேறொருவருக்கு ஓய்வும், இன்னொருவருக்குச் சட்டச் சிக்கலும் வாயிலாயின. விதிவிலக்கான எஸ்.ஏ. விக்னேஸ்வரனும் 2018இல் போட்டியின்றியே தேர்வானார்.

துணைத் தலைவர் உயர்வது கட்சி மரபுக்கு முரணானதன்று. பிளவின்றிக் கட்சியை நடத்த அது உதவியதும் உண்டு. ஆயினும் தலைவரின் கொள்கையும் செயலும் வாக்காளர்முன் சோதிக்கப்படும் வாய்ப்பு அதனால் அருகியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் நகர்ப்புறங்களில் குடியேறிய காலமும் அதுவே. அம்மக்களின் புதிய தேவைகள் கட்சித் தேர்தலின் விவாதப் பொருளாகாமல் போனமையே இவ்வரலாற்றின் பெரிய இழப்பென நாம் கருதுகிறோம். தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளோடு, கிளைக் கூட்டங்களின் குறிப்பேடுகளும் பேராளர் மாநாட்டு அறிக்கைகளும் தொகுக்கப்பெறின், வாக்களித்த எளிய உறுப்பினரின் குரலும் நம் ஆய்வுக்குக் கிட்டும்.