மீட்பு என்ற சொல்லும் கடன் என்ற சொல்லும்: தரங்கம்பாடியிலிருந்து லெம்பா பெர்த்தாம் வரை



தீபாவளிக்கு முன்னாலும் பள்ளி திறக்கும் சமயத்திலும் நம் பெற்றோர் சிலர் பஜாக் கடைக்குப் போய் வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சங்கிலியை வைத்துப் பணம் வாங்குவார்கள்; பிறகு வட்டியும் முதலும் கட்டி எடுத்து வருவார்கள். “நகையை மீட்டுட்டேன் டீச்சர்” என்று ஓர் அம்மா சொன்னால் நமக்கு விளக்கமே தேவையில்லை. பொருள் அவருடையதுதான். இடையில் வேறொருவர் கையில் இருந்தது. விலை கொடுத்ததும் திரும்பி வந்தது. கிறிஸ்தவர்கள் ‘மீட்பு’ என்று சொல்லும்போது கையாள்வதும் இதே சொல்லைத்தான். வேறு எங்கிருந்தோ புனிதமாக இறங்கி வந்த சொல் அல்ல அது, கடைத்தெருச் சொல்.

லெம்பா பெர்த்தாம், ரிங்லெட் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி வகுப்புகளில் பெரும்பான்மை இந்துப் பிள்ளைகளோடு சில கிறிஸ்தவப் பிள்ளைகளும் இருப்பார்கள். நன்னெறிக் கல்விப் பாடத்தில் சமய நம்பிக்கை பற்றிப் பேச்சு வரும்போது, “இயேசு எங்க பாவத்துக்காகச் செத்தாரு” என்று ஒரு பிள்ளை சொல்லும். பக்கத்துப் பிள்ளை, “நீ என்ன பாவம் பண்ண?” என்று கேட்கும். அந்த இடத்தில் நம்மில் பலர், “எல்லாச் சமயமும் நல்லதைத்தான் சொல்லுது” என்று முடித்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அந்தக் கேள்வி பெரிய வரலாறு கொண்டது. அந்த வரலாற்றில் நம் முன்னோர்களும் இருக்கிறார்கள்.

முதலில் சொல். யூதர்களின் பழைய சட்டத்தில், லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில், வறுமையால் நிலத்தை விற்றவனைப் பற்றியும், தன்னையே விற்றுக்கொண்டவனைப் பற்றியும் விதிகள் உண்டு. அவனுடைய நெருங்கிய உறவினன் வந்து விலை கொடுத்து மீட்கலாம். யாரும் வராவிட்டால் ஐம்பதாம் ஆண்டான யூபிலி ஆண்டில் விடுதலை. ஆக, மீட்பவன் என்றால் சொந்தக்காரன். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் பங்காளி. எகிப்தில் அடிமைகளாயிருந்த மக்களைக் கடவுள் வெளியே கொண்டுவந்ததையும் அவர்கள் இதே சொல்லால்தான் சொன்னார்கள். பின்னர் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட புதிய ஏற்பாட்டில், பணயத்தொகை கொடுத்து அடிமையையோ கைதியையோ விடுவிப்பதற்கான சொல் இயேசுவின் மரணத்துக்குப் பயன்பட்டது.

இங்கே ஒரு திருப்பம். எஜமான் யார் என்பதே மாறிவிட்டது. மனிதனை அடிமையாக்கி வைத்திருப்பது எகிப்து மன்னன் அல்ல, பாவம் என்கிறார் பவுல். பாவம் என்பது தனித்தனியான கெட்ட செயல்களின் பட்டியல் மட்டும் இல்லை. நல்லது எதுவென்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாமல் ஒருவனைப் பிடித்து வைத்திருக்கும் ஆதிக்கம் அது. தன் முயற்சியால் அதிலிருந்து வெளியே வர முடியாது, இன்னொருவர் விலை கொடுக்க வேண்டும், அந்த விலை சிலுவையில் கொடுக்கப்பட்டது என்பதுதான் கிறிஸ்தவ நம்பிக்கையின் மையம். நம் இந்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த மோட்சம் பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவது. இரண்டும் விடுதலைதான், ஆனால் எதிலிருந்து விடுதலை என்பதில் வேறுபாடு. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிக் கொடுப்பது இரண்டு சமயத்துக்குமே நியாயம் செய்வதாகாது என்பது என் கருத்து.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘பாவம்’ என்பது நம் வாயில் இரக்கச் சொல்லாகவும் வருகிறது. மழையில் நனைந்து வரும் பிள்ளையைப் பார்த்து “ஐயோ பாவம்” என்கிறோம். குற்றம் செய்தவனும் கஷ்டப்படுகிறவனும் ஒரே சொல்லுக்குள். கிறிஸ்தவப் போதனையும் ஏறக்குறைய அப்படித்தான்: பாவி தண்டனைக்கு உரியவன், அதே நேரத்தில் இரக்கத்துக்கும் உரியவன்.

விலை யாரிடம் கொடுக்கப்பட்டது என்று கேட்டால் கிறிஸ்தவ அறிஞர்களிடையே ஒரே பதில் கிடையாது. தொடக்க நூற்றாண்டுகளில் ஓரிஜென் போன்றவர்கள் அது சாத்தானிடம் கொடுக்கப்பட்ட பணயம் என்றார்கள். 1098 வாக்கில் அன்செல்ம் என்ற துறவி, கடவுளின் மாண்புக்கு மனிதன் பட்ட கடனே அது என்று வாதிட்டார். 1517இல் மார்ட்டின் லூதர் கிளர்ந்தெழுந்ததும் இந்தக் கணக்கு வழக்கை ஒட்டித்தான். பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகளைப் பணத்துக்கு விற்றதை அவர் எதிர்த்தார். மீட்பு இலவசம் என்றார். 1520இல் கிறிஸ்தவனின் சுதந்திரம் பற்றி ஒரு சிறு நூலும் எழுதினார்.

அதைப் படித்தவர்களும் கேட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. 1525 மார்ச்சில் ஜெர்மனியின் மெம்மிங்கன் நகரில் விவசாயிகள் பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதினார்கள். மூன்றாவது கோரிக்கைதான் நமக்கு முக்கியம். கிறிஸ்து தம் இரத்தத்தால் எல்லோரையும் மீட்டுவிட்டார், இடையனையும் பிரபுவையும் ஒரே மாதிரி. அப்படியிருக்க எங்களைப் பண்ணையடிமைகளாக வைத்திருப்பது எப்படி என்பது அதன் சாரம். லூதர் இதை ஏற்கவில்லை. ஆன்மாவின் சுதந்திரத்தை உடம்பின் சுதந்திரமாக ஆக்கிவிட்டீர்கள் என்று கண்டித்தார். போர் மூண்டது, சுமார் ஒரு லட்சம் பேர் வரை மாண்டிருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. இறையியல்படி லூதர் சொன்னதில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் அந்த விவசாயிகள் சொல்லை அதன் பழைய பொருளில்தான் படித்தார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

இப்போது தமிழ் மண்ணுக்கு வருவோம். லூதரின் வழிவந்த பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளுட்சோவும், டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரடெரிக் அனுப்ப, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். மறு ஆண்டு, 1707 மே 12 அன்று அவர்கள் கொடுத்த முதல் திருமுழுக்கைப் பெற்றவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் யார் தெரியுமா? டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். பஞ்ச காலத்தில் பிள்ளைகளையும் தங்களையும் விற்றுக்கொண்ட குடும்பங்கள் சோழமண்டலக் கரையில் அப்போது உண்டு. ஐரோப்பியக் கம்பெனிகள் வாங்கவும் செய்தன. அப்படி விலைக்கு வாங்கப்பட்ட ஒருவரிடம் போய், உன்னை விலை கொடுத்து மீட்டவர் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னால், அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அவர்கள் எழுதி வைக்கவில்லை. திருமுழுக்கு ஓர் அடிமையைச் சட்டப்படி விடுவித்துவிடும் என்ற ஏற்பாடு அன்றைய ஐரோப்பியக் குடியேற்றங்களில் பொதுவாகக் கிடையாது. வட அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1667இல், திருமுழுக்குப் பெற்றாலும் அடிமை அடிமைதான் என்று தனிச் சட்டமே போட்டார்கள். எஜமானர்களுக்கு அந்தப் பயம் இருந்திருக்கிறது என்று அர்த்தம். மீட்பு என்ற சொல் எங்கே இழுத்துக்கொண்டு போகும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

சீகன்பால்குக்கும் இது விரைவிலேயே தெரியவந்தது. ஒரு நாவிதரின் விதவை அவரிடம் வந்தார். இறந்துபோன கணவருக்கும் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கும் இடையே இருந்த கடன் தகராறு. சீகன்பால்கு அந்த அம்மாவுக்காகத் திரும்பத் திரும்பப் பேசினார். டேனியக் கோயிலிலேயே ஆளுநர் ஹாசியஸ் முன் மண்டியிட்டு முறையிடும்படி யோசனையும் சொன்னார். ஆளுநருக்குக் கோபம். விசாரணைக்குக் கூப்பிட்டபோது எழுத்தில் ஆணை கொடுங்கள் என்று கேட்ட சீகன்பால்கு கைதானார். 1708 முடிவிலிருந்து நான்கு மாதம் சிறை. பாவ மன்னிப்பைப் பிரசங்கிக்க வந்தவர் பணக்கடன் வழக்கில் தலையிட்டு உள்ளே போனார்! ஆன்மாவின் விஷயம் வேறு, உடம்பின் விஷயம் வேறு என்று லூதர் போட்ட கோட்டை அவருடைய சீடராலேயே தரங்கம்பாடியில் காப்பாற்ற முடியவில்லை.

அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714, 1715 ஆண்டுகளில் அச்சானது. இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது.

மொழிபெயர்ப்பு என்றதும் ஒரு விஷயம், தமிழாசிரியர்களுக்குப் பிடிக்கும். இயேசு கற்பித்த செபத்தில் மன்னிப்புக் கேட்கும் வரி ஒன்று உண்டு. சீர்திருத்த சபையாரின் பழைய தமிழ் வேதாகமத்தில், மத்தேயு நற்செய்தியில், அந்த இடத்தில் ‘கடன்கள்’ என்றே இருக்கும். கத்தோலிக்கப் பிள்ளைகள் சொல்லும் செபத்தில் ‘குற்றங்கள்’ என்று இருக்கும். யார் சரி என்று கேட்டால் இருவரும்தான். மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் கடன் என்ற சொல். லூக்காவில் பாவம் என்ற சொல். அதேபோல் பழைய வேதாகமத்தில் ‘இரட்சகர்’ என்று வருபவர் 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் ‘மீட்பர்’ ஆனார். இரட்சிப்பு என்றால் காப்பது. மீட்பு என்றால் திரும்பப் பெறுவது. இரண்டும் ஒன்றல்ல என்பது பஜாக் கடைக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

நம் தொழிலைச் சேர்ந்த ஒருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900), திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், தமிழாசிரியர். 1858இல் கிறிஸ்தவரானார். ஜான் பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. முதுகில் பாவச்சுமையோடு நடக்கிறவன் சிலுவையடியில் அதை இழப்பதுதான் அந்தக் கதையின் உயிர்நிலை. கம்பனில் ஊறியவர் கிறிஸ்தவ மீட்பைப் பாட எடுத்துக்கொண்டது காப்பிய நடையை.

முதுகில் சுமை என்றதும் நம் மலைக்காரர்களுக்குக் கொழுந்துக் கூடை நினைவுக்கு வரும்.

மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் கப்பல் கூலிக் கடனோடுதான் இறங்கினார்கள். கடன் தீரும்வரை வேலை, ஓடினால் சிறை. 1907இல் தமிழ்க் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் எல்லோரிடமும் வரி வாங்கி, அதிலிருந்து பயணச் செலவைக் கொடுத்தார்கள். ஆள் கடனில்லாமல் இறங்கினார். 1910இல் ஒப்பந்தக் கூலி முறையும் முடிந்தது. காகிதத்தில் இனி எல்லோரும் சுதந்திரத் தொழிலாளிகள்.

கேமரன் மலையின் தேயிலை இதற்குப் பிறகுதான் வருகிறது. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கைத் தேயிலையில் அனுபவம் பெற்ற ஏ.பி. மில்ன் உடனிருந்தார். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தை நிறுத்திவிட்டது. அதனால் நம் மலைக்கு ஏறிய முதல் தலைமுறையை ஒப்பந்தக் கூலிகள் என்று வகுப்பில் சொல்வது தவறு. நாமே இதைப் பலமுறை கலந்துகட்டிச் சொல்லியிருக்கிறோம். அவர்கள் கடைசிப் பத்தாண்டில் வந்தவர்கள், பேருக்குச் சுதந்திரர்கள். ஆனால் லயமும் துரையும் கங்காணியும் அப்படியேதான் இருந்தார்கள்.

இந்தச் சூழலில் பாவத்திலிருந்து விடுதலை என்று போதகர் சொன்னது, தோட்டத்து மக்களிடம் பெரும்பாலும் ஒரு பொருளில் போய்ச் சேர்ந்தது: கள்ளை விடு. மலாயாத் தோட்டங்களில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருக்கும். சம்பளம் வாங்கிய கை அங்கேயே காலியாகும். குடிப்பதைப் பாவம் என்றது கோயில். 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடுவதும் ஒன்று. வெள்ளைக்காரர் எதிரே சைக்கிளைவிட்டு இறங்காமல் போகும் உரிமை இன்னொன்று. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடை மறியல் நடத்தியது. ஒரே கள். ஒருவர் குடிப்பவனின் மனசைப் பார்த்தார், இன்னொருவர் கடைக்கு உரிமம் கொடுத்தவனைப் பார்த்தார். வீட்டில் இருந்த மனைவிக்கு இந்தப் பாகுபாடு முக்கியமாக இருந்திருக்காது. இரண்டு வழியில் எது வந்தாலும் அரிசி வாங்கக் காசு மிஞ்சியது.

மீட்பு என்றாலே சமூக விடுதலைதான் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் தேவாலயத்துக்குப் போகும் பாட்டியே நம்மைத் திருத்துவார். முதலாளி இல்லாத, கடன் இல்லாத, நல்ல சம்பளம் வாங்குகிற மனிதனும் தன் கோபத்துக்கும் பேராசைக்கும் அடிமையாக இருப்பான் என்பதுதான் அந்தப் போதனையின் பலம். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் கடனையும் அடிமைச் சந்தையையும் மறைத்துவிட்டு அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு அது வெறும் கோயில் சத்தமாகத்தான் கேட்கும்.

அடுத்த முறை “நீ என்ன பாவம் பண்ண?” என்ற கேள்வி வகுப்பில் வந்தால், பஜாக் கடையிலிருந்து தொடங்கிப் பாருங்கள். பிறகு தரங்கம்பாடியின் ஐந்து பேரைச் சொல்லுங்கள். ஆண்டு 6 பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுக்கு மட்டும் முன்கூட்டியே தயாராக இருங்கள். இன்று தேயிலைக் காட்டில் கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டுகிறவர்களில் நம்மவர்கள் குறைவு. வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் அதிகம். வெளிநாட்டுத் தொழிலாளர் பலர் முகவருக்குக் கடன்பட்டுத்தான் இந்த நாட்டுக்கு வருகிறார்கள் என்பது பிள்ளைகளுக்கே தெரியும். பள்ளி வேனில் போகும்போது அவர்களைப் பார்க்கிறார்கள். “அப்ப அவங்கள யாரு சார் மீட்பாங்க?” என்று கேட்பார்கள்.