பிரஜா சபையில் ஒரு பாட்டாளி: அய்யன்காளியின் வாழ்வும் பணியும்

நாட்டின் ஆட்சி மன்றங்களில் அமர்ந்தோர் பலர். அவருள் பெரும்பாலோர் நிலமும் செல்வமும் உடைய குடியிற் பிறந்தோர். அல்லது சட்டம் பயின்று பட்டம் பெற்றோர். சேற்றில் இறங்கி நாற்று நட்ட கூலிகளின் கூட்டத்திலிருந்து, ஓரெழுத்தும் பயிலாத ஒருவர் அத்தகைய அவையில் எழுந்து நின்று பேசினார் என்பது வியப்புக்குரிய செய்தி. அவ்வாறு பேசியவர் திருவிதாங்கூரின் அய்யன்காளி. நம் கல்விக் கழகம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் அவர் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில், பள்ளிக்கூடத்தின் வாயிலை மிதித்தறியாத அப்பெருமகனார் தம் வாழ்நாள் முழுவதும் போராடியது பள்ளிக்கூடத்திற்காகவே.

பிறப்பும் சூழலும்

அய்யன்காளி 1863-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28-ஆம் நாள், திருவனந்தபுரத்தை அடுத்த வெங்கானூரில், அய்யன், மாலா என்னும் புலையர் குலப் பெற்றோர்க்கு மகனாகப் பிறந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து அவ்வூர் நெடுந்தொலைவில் இல்லை. அம்மாவட்டமும் 1956-ஆம் ஆண்டுவரை திருவிதாங்கூரின் பகுதியாகவே இருந்தது என்பதை நினைவிற்கொள்க.

அவர் பிறப்பதற்கு எட்டாண்டுகட்கு முன்னரே, 1855-இல், அந்நாட்டு அரசு அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டிருந்தது. ஆயினும் ஆணை ஏட்டில் இருந்தது. அடிமைத்தனம் வயலில் இருந்தது. புலையரும் பறையரும் பொதுச்சாலையில் நடக்க இயலாது. சந்தைக்குள் நுழைய இயலாது. வழக்கு மன்றத்தின் அருகே செல்ல இயலாது. பெண்கள் கழுத்தில் கல்மாலை அணிய வேண்டும். அவர்கள் விளைவித்த நெல்லை எல்லோரும் உண்டனர். அவர்கள் பிள்ளைகளை மட்டும் பள்ளியில் எவரும் சேர்க்கவில்லை.

வில்வண்டி ஏறிய வீரம்

1893-ஆம் ஆண்டு அய்யன்காளி ஒரு வில்வண்டியும் இரண்டு காளைகளும் வாங்கினார். வெள்ளை வேட்டி உடுத்து, தலையில் தலைப்பாகை கட்டி, வண்டியின் மணியோசை கேட்கப் பொதுச்சாலையில் சென்றார். இன்று இதில் என்ன வீரம் என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். வில்வண்டி அன்று மேற்சாதியாரின் உரிமைச் சின்னம். தடுக்க வந்தோரை அவர் அஞ்சாது எதிர்கொண்டு தம் வழியே சென்றார். 1898-இல் தோழர்கள் சூழச் சந்தையை நோக்கி அவர் நடந்தபோது பாலராமபுரத்தில் பெருங்கலவரம் மூண்டது. இரு பக்கத்தாரும் குருதி சிந்தினர். சாலை எல்லோர்க்கும் பொது என்னும் அரசின் ஆணைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்திருந்தன. அவ்வாணைகளுக்கு உயிர் கொடுத்தவை அய்யன்காளியின் வண்டிச் சக்கரங்களே.

சங்கமும் வேலைநிறுத்தமும்

1904-ஆம் ஆண்டை ஒட்டி வெங்கானூரில் தம் குலப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தொடங்க அவர் முயன்றார். சாதி இந்துக்கள் அதனை வளரவிடவில்லை. தனியொருவரின் துணிவு போதாது, அமைப்பு வேண்டும் என்பதை உணர்ந்து 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். அது புலையருக்கு மட்டும் உரிய சங்கமன்று. தாழ்த்தப்பட்ட எல்லா வகுப்பாரும் அதில் சேரலாம். ஆணும் பெண்ணும் திங்கள்தோறும் சிறு தொகை சந்தா செலுத்தினர். ஊர்தோறும் கிளைகள் தோன்றின. தம் மக்களின் வழக்குகளைத் தீர்க்கச் சங்கமே சமுதாய நீதிமன்றங்களை நடத்தியது. அரசின் நீதிமன்ற வாயில் அடைபட்டிருந்தபோது தமக்கென ஒரு வாயிலைத் தாமே அமைத்துக்கொண்டனர் எனலாம்.

அக்காலத்தில் அவர் தொடுத்த போராட்டங்களுள் தலையாயது உழவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம். எங்கள் பிள்ளைகளுக்குக் கல்வி இல்லையெனில் உங்கள் வயல்களில் புல்தான் முளைக்கும் என்பது அவர் விடுத்த அறைகூவலின் பொருள். கூலி உயர்வு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, அடி உதையிலிருந்து விடுதலை ஆகியனவும் கேட்கப்பட்டன. ஆயினும் கோரிக்கைகளுள் முன் நின்றது பள்ளி அனுமதியே. கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தோர் உலகில் எத்தனையோ பேர். பிள்ளையின் படிப்புக்காகத் தன் வயிற்றைக் காயப் போட்ட தொழிலாளர் மிகச் சிலரே.

நிலவுடைமையாளர் தாமே வயலில் இறங்கிப் பார்த்தனர்; இயலவில்லை. தொழிலாளர் குடும்பங்களோ பட்டினியால் வாடின. அந்நேரத்தில் விழிஞம் கடற்கரை மீனவர் அவர்களைத் தம் படகுகளில் வேலைக்கு ஏற்று உணவளித்தனர். உழைப்பாளிக்கு உழைப்பாளியே துணை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. முடிவில், முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டாக இருந்த கண்டலை நாகம் பிள்ளை நடுநின்று உடன்பாடு கண்டார். கூலி உயர்ந்தது, நடமாடும் உரிமையும் கல்வி உரிமையும் ஒப்புக்கொள்ளப்பட்டன.

அவையில் எழுந்த குரல்

திருவிதாங்கூரில் ஸ்ரீமூலம் பிரஜா சபை 1904-இல் தோன்றியது. வரி செலுத்துவோரும் வணிகரும் நிலவுடைமையாளரும் நிறைந்த அவை அது. தாழ்த்தப்பட்டோர்க்கு அதில் இடமில்லை. 1911-இல் அவர்கள் சார்பாக 'சுபாஷிணி' ஏட்டின் ஆசிரியர் பி. கே. கோவிந்தப் பிள்ளை நியமிக்கப்பட்டார். அவர் தம் பதவியைப் பெரிதெனக் கருதாது, இம்மக்களின் குறையை இம்மக்களுள் ஒருவரே எடுத்துரைத்தல் தகும் என்று அவையில் வேண்டிக்கொண்டார். அதன் பயனாக 1911-ஆம் ஆண்டு டிசம்பரில் அய்யன்காளி உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அப்போது திவானாக இருந்தவர் பி. ராஜகோபாலாச்சாரி. 1912-ஆம் ஆண்டு பிப்ரவரியில், திருவனந்தபுரம் விக்டோரியா ஜூபிலி நகர மண்டபத்தில் அய்யன்காளி முதன்முறையாக அவை ஏறினார்.

ஒன்றை மறத்தலாகாது. அந்நாளில் பிரஜா சபைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது. உறுப்பினர் தம் மக்களின் குறைகளை எடுத்துரைக்கலாம். அரசு செவிமடுத்தாலும் மடுக்கலாம், தள்ளினாலும் தள்ளலாம். அந்தச் சிறு வாய்ப்பை அவர் எவ்வாறு பயன்படுத்தினார் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம். அவர் அங்கே பொதுப்படையாக முழங்கவில்லை. குடியிருக்க மனையும் உழுது பிழைக்கத் தரிசு நிலமும் கேட்டார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சம்பளச் சலுகை கேட்டார். அரசு வேலையில் தம் மக்களுக்கு இடம் கேட்டார். கிடைத்த ஆணைகளைக் கீழ்நிலை அலுவலர் எவ்வாறு முடக்குகின்றனர் என்பதையும் எடுத்துக்காட்டினார். நெய்யாற்றின்கரை வட்டம் விளப்பில் பகுதியில் அரசு ஒதுக்கிய 500 ஏக்கர் நிலம், குடும்பத்திற்கு ஓர் ஏக்கர் வீதம் பகிர்ந்தளிக்கப்பட்டது. அடுத்தவன் நிலத்தில் மாடாய் உழைத்தவன் தன் நிலத்தில் கால் ஊன்றினான்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் உறுப்பினராக இருந்தார். அவர் திறந்த வழியில் பின்னர் பொய்கையில் யோகன்னான், பாம்பாடி ஜான் ஜோசப் போன்ற தலைவர்களும் அவ்வவைக்குள் சென்றனர்.

எரிந்த பள்ளி

தாழ்த்தப்பட்ட பிள்ளைகளையும் அரசுப் பள்ளியில் சேர்க்கலாம் என்று 1910-இல் அரசு கொள்கை வகுத்தபோது எதிர்ப்பு எங்கிருந்தெல்லாம் வந்தது என்பதை அறிந்தால் உள்ளம் வருந்தும். ஆட்சியின் ஊழலை அஞ்சாது எழுதி, அதே ஆண்டு நாடு கடத்தப்பட்டவர் 'சுதேசாபிமானி' ராமகிருஷ்ண பிள்ளை. பின்னர் கார்ல் மார்க்சின் வரலாற்றை மலையாளத்தில் எழுதியவரும் அவரே. அத்தகையவர்கூட, இரு சாராரின் பிள்ளைகளையும் ஒரு வகுப்பில் வைப்பது குதிரையையும் எருமையையும் ஒரு நுகத்தில் பூட்டுவது போன்றதாகும் என்னும் கருத்துப்பட எழுதினார். உரிமை பேசுவோர் எல்லோரும் நம் உரிமையையும் பேசுவர் என நம்பிவிடலாகாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

1910-களின் முற்பகுதியில் பஞ்சமி என்னும் சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு அய்யன்காளி ஊருட்டம்பலம் பள்ளிக்குச் சென்றார். கையில் அரசாணை இருந்தது. ஆயினும் கலவரம் எழுந்தது. அச்சிறுமி அமர்ந்த பள்ளியே தீக்கிரையாயிற்று. பாதி எரிந்த பெஞ்சு ஒன்று அப்பள்ளியில் நெடுங்காலம் நினைவுப் பொருளாகக் காக்கப்பட்டு வந்தது. தீயினால் பள்ளியை எரிக்கலாம். பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்று ஒரு சமுதாயம் கொண்ட உறுதியை எரித்தல் இயலாது.

1915-இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் கல்மாலையை எதிர்த்த கிளர்ச்சி கலவரமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் கொல்லத்தில் சங்கனாசேரி பரமேஸ்வரன் பிள்ளை தலைமையில் ஒரு பெருங்கூட்டம் நடந்தது. அய்யன்காளியின் சொற்கேட்டுத் தாய்மார்கள் அம்மேடையிலேயே கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். மேற்சாதியார் நிறைந்த கூட்டத்தின் நடுவே நிகழ்ந்தது அது.

பத்துப் பட்டதாரிகள்

1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து 1937 ஜனவரியில் காந்தியடிகள் வெங்கானூருக்கு வந்தார். அப்போது அய்யன்காளிக்கு அகவை எழுபத்து மூன்று. தமக்கு வேண்டுவது யாதென வினவப்பட்டபோது அவர் பொன் கேட்கவில்லை, பட்டயம் கேட்கவில்லை. தாம் கண்மூடுமுன் தம் மக்களுள் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெற்றதைக் காணவேண்டும் என்பதே தம் விருப்பம் என்றார். கோயிற்கதவு திறந்ததைக் கொண்டாடிய வேளையிலும் அவர் கண் கல்லூரிக் கதவின் மேல் இருந்தது. 1941-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் அவர் மறைந்தார்.

1980-இல் திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது; அதனைத் திறந்துவைத்தவர் இந்திரா காந்தி அம்மையார். அவர் எழுந்து பேசிய அந்த விக்டோரியா ஜூபிலி மண்டபத்திற்கு 2019-இல் கேரள அரசு அவர் பெயரையே சூட்டியது.

நாம் கொள்ள வேண்டியது

இளைஞர்களே! அய்யன்காளி இயற்றிய சட்டம் என்று காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஆயினும் சட்டம் இயற்றியோர் பலரினும் அவர் பெரியவர். ஏனெனில், ஏட்டில் உறங்கிய ஆணைகளைத் தெருவிலும் சந்தையிலும் வகுப்பறையிலும் நடமாட வைத்தவர் அவர். உரிமை எழுதப்படுவது பாதி வேலை. அதனைக் கையில் எடுத்துச் சென்று கதவைத் தட்டுவது மறுபாதி.

இன்று நமக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. மாணவர் விடுதி உண்டு. இட ஒதுக்கீடு உண்டு. அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. இவற்றை நம் சேரியில் எத்தனை பேர் முழுமையாகப் பெறுகின்றனர்? விண்ணப்பம் எழுதத் தெரியாமல் உதவித்தொகையை இழந்த மாணவன் நம் தெருவில் இருப்பானாயின், அவனுக்கு அதனை எழுதித் தருவது படித்த நம்முடைய கடமை. பாதியில் பள்ளியை விட்ட சிறுமி இருப்பாளாயின், பஞ்சமியைக் கைப்பிடித்துச் சென்றதுபோல் அவளையும் கைப்பிடித்துச் செல்வது நம் கடமை. எழுத்தறியாத ஒருவர் நமக்காக இவ்வளவு செய்தார். எழுத்தறிந்த நாம் எவ்வளவு செய்தோம் என்னும் கணக்கை இவ்வெள்ளிவிழா ஆண்டில் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே பார்த்துக்கொள்வோமாக.